மீசையை மழிக்கச் சொன்னவர்களுக்கு

1980-ஆம் ஆண்டில் அமெரிக்க அரங்குகளில் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மேடையை நோக்கி ரேஸர் வீசிய ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். நலம், உங்கள் நலமறிய அவா. அன்றைக்கு உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது என்று வைத்துக்கொண்டால் இன்று அறுபதைத் தாண்டியிருப்பீர்கள். தலை நரைத்திருக்கும், சிலருக்கு நரைக்க முடியே மிஞ்சியிருக்காது. உங்களில் சிலர் மீசைகூட வைத்திருக்கலாம். எனவே இந்த மடலைப் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் சென்னைக்காரன். குவீன் பாடல்களை ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டு, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து, மறுபடியும் கேட்டு வளர்ந்தவன். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மீசை வளர்த்தார் என்பதற்காக நீங்கள் மேடையில் ரேஸர் எறிந்தீர்கள் என்று எங்கோ முதன்முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் கதை நேர்மாறு. பாரதியார் படத்தில் மீசையை அழித்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆளே அடையாளம் தெரியாது. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாருக்குக் கண்ணுக்கு அடுத்தபடியாகப் பெரிதாகச் செய்வது மீசையைத்தான். பந்தயம் கட்டுகிறவன், "தோற்றால் ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று சபதம் செய்வான். ஆண்மையின் கொடிக்கம்பமாக நாங்கள் நட்டு வைத்திருக்கும் ஒன்றை நீங்கள் எதன் அடையாளமாகப் பார்த்தீர்கள் என்று புரிவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அதற்கு முன்னால் ஒரு சில்லறைக் கேள்வி. அந்த ரேஸரை எங்கிருந்து எடுத்தீர்கள்? மழித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேஸர் உங்கள் கடைகளுக்கு வந்து அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய உலோக ரேஸராக இருந்தால் எறிவதற்குக் கை வந்திருக்காது. விலையும் கனம், பொருளும் கனம். போகும் வழியில் மருந்துக் கடையில் வாங்கினீர்களா, அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போனீர்களா? எப்படியானாலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டீர்கள். டிக்கெட்டையும் ரேஸரையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கப் போகிறவனுக்கு உள்ளே ஏதோ ஒரு கோபம் இருந்திருக்க வேண்டும். அல்லது, 'இவன் நம்ம ஆள், நாம் சொன்னால் கேட்பான்' என்கிற உரிமை. இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏனென்றால் நீங்கள் முதன்முதலில் பார்த்த ஃப்ரெடிக்கு மீசை இல்லை; ஆனால் மற்ற எல்லாம் இருந்தன. 1974 ஏப்ரல் 16 அன்று டென்வர் நகரில் ரீஜிஸ் கல்லூரியில் அவர்கள் உங்கள் மண்ணில் முதன்முறையாக மேடை ஏறினார்கள். பெரிய குழு மாட் த ஹூப்பிள். அவர்களும் பிரிட்டிஷ்காரர்கள், அவர்கள் வருவதற்கு முன் கூட்டத்தைச் சூடேற்றிவைக்கும் வேலை குவீனுக்கு. கூட்டம் இவர்களுக்காக வந்ததில்லை. பாதிப் பேர் இன்னும் இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் குடிக்க ஏதாவது வாங்கப் போயிருப்பார்கள். மேடையில் ஒருவர், ஸாண்ட்ரா ரோட்ஸ் என்ற லண்டன் ஆடை வடிவமைப்பாளர் தைத்துக் கொடுத்த, கை தூக்கினால் சிறகு விரிவதுபோல் மடிப்பு மடிப்பாக விரியும் வெள்ளைப் பட்டுச் சட்டை. ஒரு கை நகங்களில் கறுப்புச் சாயம். கண்ணில் மை. தோள்வரை தலைமுடி. கையில் அடிப்பாகம் இல்லாத பாதி மைக் கம்பு. குழுவின் பெயர் குவீன். ராணி என்று பொருள்படும் அந்தச் சொல் உங்கள் தெருக்களில் தன்பாலின ஆண்களைக் கேலி செய்யவும் பயன்பட்டது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

அப்போது ரேஸர் பறக்கவில்லை. முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். இது என்ன ஆட்டம் என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அன்றே மனத்தைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். மே மாதம் நியூயார்க்கில் பிராட்வே நாடக அரங்கான யூரிஸில் ஆறு இரவுகள். அது முடிந்த கையோடு கிட்டார்காரர் பிரையன் மேவுக்குக் கல்லீரல் அழற்சி வந்து, மஞ்சள் பூத்த உடம்போடு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்; மீதிப் பயணம் ரத்தானது. உடல் தேறிவந்த நாட்களில் அவர் எழுதிய பாடலில் அந்த ஹூப்பிள் குழுவின் பெயரே வருகிறது. பாதியில் முடிந்த அந்த முதல் பயணத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

அடுத்து வந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அறியாததில்லை. 1975-இல் 'கில்லர் குவீன்' உங்கள் நாட்டுப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 12-ஆம் இடம். அடுத்த ஆண்டு 'பொஹீமியன் ராப்சடி' 9-ஆம் இடம். பிரிட்டனில் அது 9 வாரம் முதலிடத்தில் இருந்த பாடல். 5 நிமிடம் 55 நொடி, நடுவில் ஓபரா. நீங்கள் அதற்கு 9 என்று மதிப்பெண் போட்டு ஓரமாக வைத்தீர்கள். 1977 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் சொந்தப் பெயரில் கச்சேரி. அந்த ஆண்டின் கடைசியில் காலால் இரண்டு முறை தட்டி ஒருமுறை கைதட்டும் 'வீ வில் ராக் யூ' பாட்டும், வெற்றி பெற்றவர்களின் 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டும் ஒரே தட்டில் வந்தன. 4-ஆம் இடம்வரை போயின. 1979-இல் ரோலிங் ஸ்டோன் இதழில் டேவ் மார்ஷ், உண்மையிலேயே பாசிசமான முதல் ராக் குழு இதுவாக இருக்கலாம் என்று எழுதினார். காலைத் தட்டச் சொன்னதற்கா இவ்வளவு பெரிய பட்டம் என்று எனக்குத் தோன்றியது. விமர்சகர்கள் திட்டத் திட்ட நீங்கள் டிக்கெட் வாங்கினீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இனி 1980. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் 'ப்ளே த கேம்' என்ற பாடல் வெளியானது. அதில் ஒரே நேரத்தில் இரண்டு புதுமைகள். எழுபதுகளின் இசைத்தட்டு உறைகளில் 'சிந்தசைசர் பயன்படுத்தப்படவில்லை' என்று பெருமையாக அச்சிட்டுக் கொண்டிருந்த குழு, இந்தப் பாட்டின் முதல் நொடியிலேயே சிந்தசைசர் என்ற அந்த மின்னணு இசைக்கருவியை அலறவிட்டது. பாடலின் காட்சிப்படத்தில் ஃப்ரெடியின் மேலுதட்டில் மீசை. காதுக்கு ஓர் அதிர்ச்சி, கண்ணுக்கு ஓர் அதிர்ச்சி. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதற்குக் கோபப்படுகிறோம் என்று உங்களில் பலருக்கே தெளிவில்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சங்கீத ரசிகன் சிந்தசைசருக்குக் கோபப்படலாம். அது அவன் காது சம்பந்தப்பட்டது. ஆனால் சிந்தசைசருக்கு யாரும் ரேஸர் எறிவதில்லை.

அந்த மீசையை நான் அந்தக் காலத்துக் கச்சேரிப் படங்களில் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அது வீரப்பன் மீசையோ, ஐயனார் மீசையோ இல்லை. எங்கள் ஊர்ப் போஸ்ட் மாஸ்டருக்கோ ரயில்வே குமாஸ்தாவுக்கோ இருக்கக்கூடிய சாதாரண மீசை. அடர்த்தியாக, உதட்டோரத்தில் கொஞ்சம் கீழே வளைந்து, முன்பற்கள் துருத்திக்கொண்டிருப்பதை ஓரளவு மறைத்தபடி. கூடவே ஒட்ட வெட்டிய தலைமுடி, பனியன், இறுக்கமான கால்சட்டை. பட்டும் இறகும் போய்விட்டன. என்னிடம் யாராவது இந்த இரண்டு படங்களையும் காட்டி, 'எது ஆண்களை உறுத்தும் வேடம்?' என்று கேட்டிருந்தால் தயங்காமல் 1974-இன் வெள்ளைச் சிறகைக் காட்டியிருப்பேன். நீங்கள் 1980-இன் பனியனைக் காட்டினீர்கள்.

விளக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவிலும் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவிலும் இருந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் அங்கே தன்பாலின ஆண்கள் கட்டிட வேலைக்காரர், லாரி ஓட்டுநர், மாடு மேய்ப்பவர் போல உடுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒட்ட வெட்டிய முடி, ஜீன்ஸ், மீசை. ஒருவரைப்போல் ஒருவர் இருந்ததால் 'குளோன்' என்றே அந்தத் தோற்றத்துக்குப் பெயர் வந்தது. வில்லேஜ் பீப்பிள் குழுவின் வழியாக அது உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிவரை வந்து சேர்ந்திருந்தது; 1978-இல் வந்த அவர்களின் 'ஒய்.எம்.சி.ஏ.' பாட்டுக்கு நாடே கையைத் தூக்கி எழுத்துகளைக் காட்டி ஆடியது. ஆகவே ஃப்ரெடி மீசையோடு வந்து நின்றபோது நீங்கள் வேடத்தைப் பார்க்கவில்லை. ஒரு தெருவின் பெயரைப் படித்துவிட்டீர்கள். வெள்ளைச் சிறகு மேடைக்கான உடை. கச்சேரி முடிந்ததும் கழற்றி மாட்டிவிடுவார் என்று நிம்மதியாக இருந்தீர்கள். மீசையை இரவில் கழற்ற முடியாது.

இந்தக் கணக்கு உங்களுக்கு எப்போதும் சரியாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு. அதன் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தோல் உடையும் உலோகக் குமிழ்களும் சங்கிலியுமாக மேடைக்கு மோட்டார் சைக்கிளிலேயே வந்தார். இதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று உங்கள் ஊர்ப் பையன்கள் அதே உடையை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1998-இல் அவர் எம்டிவியில் தன்னைத் தன்பாலினர் என்று அறிவித்தார். அந்த உடைகளை அப்போது என்ன செய்தீர்கள்?

1980-க்கே திரும்பி வருகிறேன். உங்களில் எவரையும் ஒரே நிறம் பூசிப் பேச முடியாதபடி அந்த ஆண்டு இருந்தது. ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் நான்கு இரவுகள்; செப்டம்பர் கடைசியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவுகள். 'த கேம்' ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அவர்களுடைய ஆல்பங்களில் உங்கள் நாட்டில் முதலிடம் பிடித்தது, ஃப்ரெடி உயிரோடு இருந்தவரை, அது ஒன்றுதான். அதே ஆண்டில் இரண்டு பாடல்கள் முதலிடம் போயின. பிப்ரவரியில், ஃப்ரெடி குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு எல்விஸ் பாணியில் கட்டிய 'கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்'. அக்டோபரில், குழுவின் பாஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. ஒரு கையால் தட்டை வாங்கி, மறுகையால் ரேஸர் எறிந்தவர்கள் நீங்கள். ஃப்ரெடியோ மேடையில் நின்று, மீசை பிடித்திருக்கிறதா என்று உங்களிடமே கேட்டுச் சீண்டுவாராம். பிடிக்காவிட்டால் தனக்குக் கவலையில்லை என்பதைக் கெட்ட வார்த்தை கலந்து சொல்வாராம். அந்த ரேஸர்களுக்கு அவர் பயப்படவில்லை. நீங்களும் அரங்கை விட்டு எழுந்து போகவில்லை. அந்த வகையில் அது ஒரு பேச்சுவார்த்தையாகவே நடந்தது என்று எனக்குப் படுகிறது.

டீக்கனின் அந்தப் பாட்டுக்கு இன்னொரு கதை உண்டு, அதில் நீங்கள் இல்லை. ஃபோரம் கச்சேரிக்குப் பின் மேடைக்குப் பின்புறம் வந்த மைக்கேல் ஜாக்சன்தான் அதைத் தனிப்பாடலாக வெளியிடச் சொன்னார். கறுப்பின நேயர்களுக்கான வானொலி நிலையங்கள் அதை எடுத்துக்கொண்டன. கேட்டவர்களில் பலர் இது கறுப்பர்களின் குழு என்றே நினைத்தார்கள். நான்கு பேரில் ஃப்ரெடி ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஸான்ஸிபாரில் பிறந்த பார்சி, மற்ற மூவரும் வெள்ளை ஆங்கிலேயர் என்று தெரிந்தபோது யாரும் எதையும் எறிந்ததாக நான் படித்ததில்லை. உங்களுக்கு உறுத்தியதும் இதே நடன தாளம்தானே? அதற்கு முந்தைய ஆண்டு, 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் 98 சென்ட்டும் ஒரு டிஸ்கோ இசைத்தட்டும் கொடுத்தால் உள்ளே விட்டார்கள். சேர்ந்த தட்டுகளை மைதான நடுவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்; கூட்டம் புல்வெளிக்குள் பாய்ந்தது; அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பர்கள், லத்தீனோக்கள், தன்பாலினர்கள் ஆடிய விடுதிகளின் இசை. அங்கே வெடித்தது தட்டு மட்டும்தானா என்று உங்கள் ஊர்க்காரர்களே பின்னர் கேட்டிருக்கிறார்கள். அந்த மைதானத்தில் இருந்த எத்தனை பேர் அடுத்த ஆண்டு குவீன் கச்சேரிக்கு வந்திருப்பார்கள் என்று நான் சும்மா நினைத்துப் பார்ப்பதுண்டு.

காது சம்பந்தப்பட்ட கோபக்காரர்களையும் இதே குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 1982-இல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பத்தின் முதல் பக்கத்தை நானும் அரைமனதோடுதான் கேட்கிறேன். பிரையன் மேவின் கிட்டாரை, அவரும் அப்பாவும் பழைய கணப்படுப்பின் மரத்தை இழைத்துச் செய்த அந்தக் கிட்டாரை, பாட்டின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு டிரம் இயந்திரத்தை நடுவில் நிறுத்தினால், பத்தாண்டு கேட்டவன் முணுமுணுக்கத்தான் செய்வான். இங்கிலாந்திலும் முணுமுணுத்தார்கள். 1982 ஜூனில் மில்டன் கீன்ஸ் மைதானத்தில் ஃப்ரெடி, அது வெறும் இசைத்தட்டுதானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்கள் என்கிற பொருளில் மேடையிலிருந்தே சலித்துக்கொண்டார். கோபித்தவர்கள் கேட்டுக்கொண்டு மைதானத்திலேயே நின்றார்கள். அடுத்த முறையும் வந்தார்கள்.

நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அல்லது, செய்ய உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் உங்கள் மேல் பழி போடுகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். 1984-இல் நடந்ததற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை.

'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாட்டின் காட்சிப்படத்தில் நால்வரும் பெண் வேடம் போட்டார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பல்லாண்டுகளாக ஓடும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரைக் கிண்டல் செய்த படம். இங்கிலாந்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆண் நடிகர் கிழவி வேடம் போடுவதைப் பார்த்தே வளர்கிறவர்கள். அவர்களுக்கு இது வீட்டு நகைச்சுவை. அந்தப் படத்தில் ஃப்ரெடி வெளிர்சிவப்பு மேற்சட்டையும் கறுப்புத் தோல் பாவாடையும் போட்டுக்கொண்டு, காதில் பெரிய வளையத்தோடு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அப்படியும் இப்படியும் தள்ளுகிறார். தலையில் பொய்முடி, உதட்டில் சாயம், சாயத்துக்கு மேலே அந்த மீசை. பெண் வேடம் கட்டும்போதுகூட அவர் மழிக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எறிந்த ரேஸர்களுக்கு அவர் சொன்ன பதிலாகவே எனக்கு அந்தக் காட்சி தெரிகிறது. அவர் அப்படி நினைத்திருக்கமாட்டார், இது என் ஆசை.

எம்டிவி அதை ஒளிபரப்பவில்லை. அப்போது உங்கள் நாட்டின் நடுப்பகுதியில் விளம்பரப் பயணம் செய்துகொண்டிருந்த பிரையன் மே, படத்தைப் போட்டுக் காட்டியபோது நிலையத்துக்காரர்களின் முகம் வெளிறிப்போனதையும், இதைப் போடவே முடியாது என்று அவர்கள் சொன்னதையும் பின்னாளில் விவரித்திருக்கிறார். அந்தப் பாடல் பிரிட்டனில் 3-ஆம் இடம்; உங்கள் நாட்டில் 45. இதற்கு முன்பே வேறு சிக்கல்களும் இருந்தன. எலெக்ட்ரா நிறுவனத்தை விட்டு கேபிட்டல் நிறுவனத்துக்கு மாறியிருந்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்களுக்கும், வானொலியில் பாட்டை ஒலிக்கவைக்கும் இடைத்தரகர்களுக்கும் அப்போது நடந்த இழுபறியில் குவீனின் பாட்டும் அடிபட்டது என்பது மேவின் கருத்து. குழுவும் தன் பங்குக்கு முரண்டு பிடித்தது. சிறிய அரங்குகளில் பாடி மறுபடியும் மேலேறி வரலாமே என்றால், தென் அமெரிக்காவில் லட்சம் பேர் கூடிய மைதானங்களைப் பார்த்துவிட்ட ஃப்ரெடிக்கு அதில் விருப்பம் இருந்திருக்காது. இப்படிப் பலர் கை வைத்து மூடிய கதவு அது.

ஆனால் ஒன்று கேட்பேன். அந்தப் படத்தைப் போடுங்கள் என்று நிலையத்துக்கு எத்தனை பேர் தொலைபேசியில் கேட்டீர்கள்? ரேஸர் எறிய வீட்டிலிருந்து திட்டமிட்டுக் கிளம்பியவர்களுக்கு ஓர் எண்ணைச் சுழற்ற நேரம் இல்லாமல் போயிற்றா? எனக்கு வருத்தம் ரேஸர் வீசியதில் இல்லை. அடுத்து வந்த மௌனத்தில்தான். மேடைக்கு அருகில் நின்று எறிந்தவன் அவரைப் பார்த்துக்கொண்டாவது இருந்தான். அவனும் வீட்டுக்குப் போய் அந்தத் தட்டுகளை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, நண்பர்கள் கேட்டால் 'அதெல்லாம் சின்ன வயதில்' என்று சொல்லிக்கொண்டான்.

1982 செப்டம்பர் 15, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் அதே ஃபோரம் அரங்கு. ஃப்ரெடி அமெரிக்க மண்ணில் குவீனுடன் நடத்திய கடைசிக் கச்சேரி. வயது 36. இதுதான் கடைசி என்று அன்று மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியாது, கீழே இருந்தவர்களுக்கும் தெரியாது. 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில், லண்டன் வெம்பிளியில் 70,000-க்கும் அதிகமானவர்கள் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் கைதட்டியதை நீங்கள் பிலடெல்பியாவிலிருந்தும் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்தும் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டுக் கோடையில், மஞ்சள் மேலங்கியோடு ஃப்ரெடி ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். புடாபெஸ்டில், இரும்புத் திரைக்கு அந்தப் பக்கத்தில், பாடினார். உங்கள் பக்கம் வரவில்லை.

பிரையன் மே நினைவுகூர்ந்த ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் நாம் மறுபடியும் பெரிய ஆளாக வேண்டுமென்றால் நான் செத்தால்தான் முடியும் போலிருக்கிறது என்று ஃப்ரெடி ஒருமுறை கசப்பாகச் சொன்னாராம். 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸ் நோயோடு தொடர்புடைய நிமோனியாவால் அவர் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1992 பிப்ரவரியில் 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' படம் வந்தது. ஒரு சிறிய காருக்குள் ஐந்து பையன்கள் நெருக்கி உட்கார்ந்து, 'பொஹீமியன் ராப்சடி'யின் கிட்டார் பகுதி வந்ததும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். 1976-இல் நீங்கள் 9-இல் வைத்த பாட்டு இப்போது 2-ஆம் இடத்துக்கு ஏறியது. மிக நல்ல காட்சி. நானும் சிரித்தேன், தலையாட்டினேன். ஆனால் அந்தக் காருக்குள் உங்களையும் பார்த்தேன். பத்து ஆண்டுகள் எங்கே போயிருந்தீர்கள் என்று உரக்கக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயம்தான். ஃப்ரெடி பிறந்த ஸான்ஸிபாரில் 2006-இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு ஏற்பாடான கடற்கரைக் கொண்டாட்டம் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. அவர் விடுதியில் தங்கிப் படித்து, பியானோ கற்று, முதல் பள்ளிக் குழுவில் வாசித்த பஞ்ச்கனி எங்கள் நாட்டு மலையூர். வினாடி வினாவில் 'இந்தியத் தொடர்புள்ள ராக் பாடகர் யார்?' என்று கேட்டு நாங்கள் மார்தட்டிக்கொள்வோம். அதே நாட்டில் அவரைப் போன்றவர்களைக் குற்றவாளி என்று சொன்ன 377-ஆவது பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6 அன்று. ஃப்ரெடியின் பிறந்தநாள் செப்டம்பர் 5. எழுபத்திரண்டு ஆண்டும் ஒரு நாளும் தாமதம். என் நண்பர்கள் வட்டத்திலேயே, அவர் பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டு அடுத்த நிமிடமே அவரைப் பற்றி அசிங்கமான நகைச்சுவை சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அப்போது என்ன செய்தேன்? சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. ஒலியைக் கூட்டிவைத்தேன்.

உங்களிடம் கேட்க எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. 2014 முதல் மேவும் குவீனின் டிரம்மர் ரோஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட் என்ற உங்கள் ஊர்ப் பாடகரோடு உங்கள் அரங்குகளுக்கு மீண்டும் மீண்டும் வந்திருக்கிறார்கள். லாம்பர்ட் தான் தன்பாலினர் என்பதை ஒளிக்காதவர். கண்ணில் மை, உயர்ந்த குதிகால் செருப்பு, உடம்பெல்லாம் மினுமினுப்பு. நீங்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஃப்ரெடியின் இடத்தில் இன்னொருவரா என்று முணுமுணுப்பவர்கள் உங்களில் இன்னும் உண்டு. அந்த முணுமுணுப்பை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் அதில் பங்குண்டு. அந்தக் கச்சேரியில் ஓர் இடத்தில் விளக்குகள் அணைந்து, பெரிய திரையில் 1986 வெம்பிளியின் ஃப்ரெடி வருகிறார். அதே மஞ்சள் மேலங்கி. அமெரிக்கா நேரில் பார்க்காமலே போன மேலங்கி. அவர் ஒரு சுரத்தை எடுத்துப் பாடி நிறுத்துகிறார்; கூட்டம் திருப்பிப் பாட வேண்டும். நீங்கள் பாடுகிறீர்கள். அவர் அதை வளைத்து, இழுத்து, இன்னும் கடினமாக்கிக் கொடுக்கிறார். அதையும் பாட முயல்கிறீர்கள், தொண்டை கம்மிப் போகும்வரை.

இரண்டு மாடி உயரத் திரையில் அந்த மீசை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கவனித்தீர்களா? பக்கத்தில் நிற்கும் பேத்தியிடம், இதை எடுக்கச் சொல்லி நான் ஒரு காலத்தில் ரேஸர் எறிந்தேன் என்று சொன்னீர்களா? சொன்னபோது அவள் என்ன கேட்டாள்?

முடிந்தால் பதில் எழுதுங்கள். உறைக்குள் ரேஸர் எதுவும் வைக்க வேண்டாம். நானும் மீசைக்காரன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்